நிலாவின் வெள்ளைத் திட்டுகள்: நீலகிரி வாசலிலிருந்து சில கேள்வி பதில்கள்

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் எங்கள் வீடு. வாசலில் ஆறு அங்குல டாப்சோனியன் (தரையில் வைத்துக் கையால் திருப்பும் கண்ணாடி வகை) தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிலா பார்ப்பது பல வருஷப் பழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், டீத்தோட்டத்தில் இலை பறித்துவிட்டுத் திரும்புகிற அக்காமார், டிசம்பர் லீவுக்கு வரும் சமவெளிச் சொந்தக்காரர்கள் என்று வந்து எட்டிப் பார்த்தவர்கள் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நிலாவின் பள்ளங்களையும் மலைகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பேச்சு பெரும்பாலும் வெள்ளையாகப் பளிச்சிடும் இடங்களைப் பற்றி.

கறுப்பா இருக்கிறது வடை சுடுற பாட்டி, முயல். வெள்ளையா இருக்கிறது என்ன? பனியா?

பனி இல்லை. ஜனவரி காலையில் புல்வெளி முழுக்க உறைபனி படிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித் தோன்றுவது நியாயம்தான். நிலாவில் உறைந்த நீர் உண்டு, ஆனால் அது துருவங்களில் வெயிலே படாத பள்ளங்களுக்குள். அது நம் கண்ணில் படாது.

நாம் பார்க்கும் வெள்ளையில் இரண்டு வகை. ஒன்று பழைய வெள்ளை. நிலாவின் மேட்டுநிலம் முழுக்க அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை. பாட்டியும் முயலுமாகத் தெரிகிற கறுப்பு, பிற்காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பசால்ட் சமவெளி. அனார்த்தோசைட்டைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் நிலாவுக்குப் போக வேண்டியதில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அந்தப் பாறை கிடக்கிறது. சந்திரயான் 2 ஊர்தியை ஓட்டிச் சோதிக்க நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையைப் பொடித்துத்தான் செய்தது.

இன்னொன்று புது வெள்ளை. விண்கல் மோதினால் அடியில் இருந்த பாறை பொடியாகி நாலாபுறமும் சிதறும். அந்தப் புதுப்பொடி வெளுப்பாக இருக்கும். காலம் போகப் போக, சூரியனிலிருந்து பாயும் துகள்களான சூரியக் காற்றும் நுண்கற்களும் அடித்து அடித்து அதை மங்க வைத்துவிடும். வெட்டிப் போட்ட மரத்துண்டின் உள்பக்கம் முதல் நாள் வெளுப்பாக இருந்து மழையிலும் வெயிலிலும் கறுத்துப்போகிற மாதிரி. மரத்துக்கு ஒரு மழைக்காலம் போதும். நிலாவில் அந்தக் கறுப்பேற ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு பிடிக்கும்.

ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிலா மொத்தத்தில் வெள்ளையே கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சராசரி 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார் ரோடு அளவுதான். கறுத்த வானத்தில் தனியாக நிற்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

பௌர்ணமியன்னைக்கு நிலாவைப் பார்க்கிறது வீண்னு சொல்றாங்களே?

சொல்கிறார்கள். நானும் மூன்று நான்கு வருஷம் அதை நம்பி, பௌர்ணமி அன்றைக்குத் தொலைநோக்கியைப் போர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அப்படிச் சொல்கிறவர்கள் நிழலைத் தேடுகிறவர்கள். பள்ளத்தின் ஆழமும் மலையின் உயரமும் தெரிய நிழல் வேண்டும். நிழல் விழுவது இருளும் ஒளியும் சந்திக்கிற கோட்டின் ஓரத்தில். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் நிற்பதால் நிழல் இல்லை, மேடு பள்ளமும் தெரியாது. ஆனால் வெள்ளைத் திட்டு என்பது மேடோ பள்ளமோ அல்ல, மண்ணின் நிறம். நிறம் தெரிய நிழல் விலக வேண்டும்.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ச்சரிவு டீத்தோட்டத்தைப் பாருங்கள். செடி செடியாகத் தெரியாது, பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரே பளபளப்பு. ஒவ்வொரு செடியின் நிழலும் அந்தச் செடிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. அதே சரிவை மாலையில் வெயிலை எதிர்த்துப் பார்த்தால் பறிப்பவர்கள் நடக்கும் தடம்கூடக் கறுப்புக் கோடாகத் தெரியும். நிலாவின் தூசியிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் அரைநிலா முழுநிலாவில் பாதி வெளிச்சம் தருவதில்லை, சுமார் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது.

சந்தேகமிருந்தால் எரட்டோஸ்தனிஸ் பள்ளத்தை வளர்பிறை நவமியன்று பாருங்கள். 58 கிலோமீட்டர் அகலம், நடுவே சிகரங்கள், படிப்படியாக இறங்கும் சுவர். அடுத்த பௌர்ணமியில் அதே இடத்தில் தேடுங்கள். ஆளைக் காணோம். பக்கத்திலிருக்கும் கோபர்னிகஸ் பள்ளம் மட்டும், பொடி சிதறி விழுந்த வெள்ளைக் கதிர்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று கறுத்துப்போன கிழம், மற்றது இன்னும் வெளுப்பு மாறாதது. வயது வித்தியாசம் அப்படியே கண்ணுக்குத் தெரிவது பௌர்ணமியில்தான்.

எந்த நாளில் எதைப் பார்ப்பது? ஆப் வேணுமா?

சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி. அந்த இருள்-ஒளிக் கோடும் ஒரு திதிக்கு 12 டிகிரி நகரும். ஆகவே திதியைப் பார்த்தாலே இன்றைக்குக் கோடு எங்கே என்று சொல்லிவிடலாம். காலண்டரில் திதி எத்தனை மணி வரை என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். காலையில் சப்தமி, மாலையில் அஷ்டமியாகிவிடும். நிலா லேசாகத் தலையாட்டுகிற பழக்கமுள்ளது என்பதால் அரைநாள் முன்பின்னாகலாம்.

மூன்றாம் பிறை. பிறையை விடுங்கள், இருண்ட பக்கத்தைப் பாருங்கள். பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். அதற்குள்ளே ஒரு மங்கலான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் அரிஸ்டார்க்கஸ் என்ற பள்ளம். பைனாகுலரில் முயன்று பாருங்கள்.

சதுர்த்தியில் கோடு புரோக்ளஸை எட்டும். 28 கிலோமீட்டர் பள்ளம். பளிச்சென்று தெரிய இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். அதன் கதிர்கள் ஒரு பக்கம் மட்டும் விரியாமல் விசிறி மாதிரி இருக்கும். கல் சாய்வாக வந்து மோதியதன் அடையாளம். அதே நெடுக்கில் கீழே மெஸ்ஸியர், மெஸ்ஸியர் ஏ என்று ஜோடிப் பள்ளங்கள். அங்கிருந்து மேற்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் வால்நட்சத்திரத்தின் வால் போல ஓடும். அங்கே கல் தரையை உரசுகிற மாதிரி, மிகத் தாழ்வான கோணத்தில் வந்திருக்கிறது. குளத்தில் ஓட்டுச்சில்லை வீசித் தத்தவிட்ட கை எல்லாவற்றுக்கும் இது பிடிக்கும்.

அஷ்டமி, கூட்டம் சேரும் நாள். கோடு நடுவில். தெற்கே இருட்டுக்குள்ளிருந்து மேட்டு விளிம்புகள் மட்டும் வெயிலில் நனைந்து ஆங்கில எழுத்து எக்ஸ் மாதிரி சில மணி நேரம் மின்னும். இது நிறத்தால் வந்த வெளிச்சமல்ல, நிழலால் வந்தது. ஏகாதசியை ஒட்டி இன்னொரு வேடிக்கை. சைனஸ் இரிடம் என்ற வளைகுடா இருட்டில் கிடக்க, அதைச் சுற்றிய ஜூரா மலை மட்டும் விடியல் வெயிலில் பொன் வளையலாகத் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் தொட்டபெட்டா உச்சியில் வெயில் பட்டு, கீழே ஊர் இன்னும் இருட்டிலிருக்கிற காட்சிதான்.

நவமியில் டைக்கோ, தசமி வாக்கில் கோபர்னிகஸ், ஏகாதசியில் கெப்ளர், துவாதசியில் அரிஸ்டார்க்கஸ் என்று வரிசையாக வெளிச்சத்துக்கு வரும். முதல் நாள் இவை வெறும் பள்ளங்கள். கதிர் விரிவதைப் பார்க்க இரண்டு மூன்று நாள் கழித்து வர வேண்டும்.

திரயோதசியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ரெய்னர் காமா. மேற்குச் சமவெளியில் ஒரு வெள்ளைத் தலைப்பிரட்டை நீந்துவது போல இருக்கும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. கோடு அதன்மேல் வந்து நிற்கும் நாளில்கூட நிழல் விழாது. தரையில் பெயின்ட் கொட்டிய மாதிரி. அந்த இடத்தில் பாறைக்குள் காந்தப்புலம் இருக்கிறது. அது சூரியக் காற்றைத் தடுத்து மண்ணைக் கறுக்க விடாமல் காக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

பௌர்ணமி டைக்கோவின் ராத்திரி. 85 கிலோமீட்டர் பள்ளம். அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் 1500 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. சாத்துக்குடியின் காம்புப் பகுதியைப் பார்த்த மாதிரி இருக்கும். பள்ளத்தைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் உண்டு, மோதலில் உருகி உறைந்த பாறை. அதைப் பலர் கவனிப்பதில்லை, வெள்ளையிலேயே கண் போய்விடும். டைக்கோவுக்கு வயது ஏறக்குறைய 10.8 கோடி ஆண்டு என்கிறார்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 இறங்கிய இடத்தில், டைக்கோவிலிருந்து பறந்துபோய் விழுந்த கற்களால் மலைச்சரிவு சரிந்ததாகக் கருதி, அந்த மண்ணை வைத்துக் கணக்கிட்ட வயது. கோபர்னிகஸுக்கு 80 கோடி. அதற்கும் அதன் கதிர் ஒன்றின்மேல் 1969-ல் இறங்கிய அப்போலோ 12 கொண்டுவந்த மண்தான் ஆதாரம்.

தேய்பிறையை யாரும் சீண்டுவதில்லை. மார்கழியில் தேய்பிறை அஷ்டமி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். அரைநிலா கிட்டத்தட்ட உச்சியில். கோபர்னிகஸ், கெப்ளர், அரிஸ்டார்க்கஸ் மூன்றும் வெளிச்சப் பாதியில் ஒன்றாக இருக்கும். மார்கழியில் கோலம் போட அந்த நேரத்தில் எழுந்திருக்கிற வீடுகளுக்கு இது இலவசம்.

அரிஸ்டார்க்கஸ் ஏன் கண்ணைக் கூசுது? எரிமலையா?

எரிமலை இல்லை. 40 கிலோமீட்டர் அகலமுள்ள, நிலாக் கணக்கில் இளசான பள்ளம். உள்ளிருந்து வெளிவந்த வெளிர்நிறப் பாறை இன்னும் மங்கவில்லை. நிலாவின் மற்ற பெரும்பாலான இடங்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கறுத்த சமவெளிக்கு நடுவே இருப்பதால் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

எரிமலை என்று ஏமாந்தவர்களில் பெரிய ஆட்கள் உண்டு. 1787-ல் வில்லியம் ஹெர்ஷல் இருண்ட பக்கத்தில் தணல் போலச் சிவந்த புள்ளிகளைப் பார்த்து, எரிமலை என்றே எழுதிவைத்தார். யுரேனஸைக் கண்டுபிடித்த கண். அவர் பார்த்தது பூமியொளியில் மின்னிய அரிஸ்டார்க்கஸாக இருக்கும் என்பதே இன்று பலருடைய கருத்து. ஆகவே உங்கள் வீட்டுப் பையன் அங்கே நெருப்பு எரியுதுப்பா என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

நம்மூர்க்காரர் ஒருவரும் அங்கே பக்கத்தில் இருக்கிறார். அரிஸ்டார்க்கஸின் அண்டைப் பள்ளமான ஹெரோடோட்டஸுக்கு வடமேற்கே ராமன் என்று சிறு பள்ளம், சி.வி. ராமன் பெயரில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காற்று அசையாத இரவில், கோடு பக்கத்தில் இருக்கும்போது கிடைக்கும். பௌர்ணமியில் கிடைக்காது.

திடீர்னு ஒரு மின்னல் மாதிரி பார்த்தேன், அது?

இருண்ட பக்கத்தில் விண்கல் மோதி ஒரு நொடிக்குள் மின்னி மறைவது உண்மையாகவே நடக்கிறது. 2019 ஜனவரி 21 சந்திர கிரகணத்தின்போது அப்படி ஒன்று பலருடைய கேமராவில் பதிவானது. ஆனால் தனி ஒருவர் கண்ணால் பார்த்ததை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். வேறு இடத்திலிருந்து இன்னொரு கேமராவும் அதே நொடியில் பதிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் மின்னியதாகவும் இருக்கலாம்.

சந்திரயான் இறங்கின இடம் தெரியுமா?

இடம் இருக்கும் திசையைக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியது தென்துருவத்துக்கு அருகே, 69 டிகிரி தெற்கில். விளிம்புப் பக்கம் என்பதால் பள்ளங்கள் நெருக்கிப் பிடித்த மாதிரி தெரியும். இறங்கிய விக்ரம் லேண்டரைப் பார்க்க முடியாது. என் ஆறு அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய ஆகச் சிறியது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். லேண்டர் ஒரு ஜீப் அளவு.

மொபைல்ல எடுத்தா வெறும் வெள்ளை உருண்டைதான் வருது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தவறு போனில் இல்லை. சட்டகத்தில் பெரும்பகுதி கறுப்பு வானம். ராத்திரி என்று நினைத்து போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஆனால் நிலாவில் இப்போது நடுப்பகல். வெயிலில் கிடக்கும் தார் ரோட்டைப் படமெடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

போனில் நிலாமேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வரும் சூரியன் குறியைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். உருண்டை சாம்பலாகி முயல் தெரியத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் இழுங்கள். டைக்கோ, அரிஸ்டார்க்கஸ் இரண்டும் வெறும் வெள்ளையாக இல்லாமல் உள்ளே ஏதோ தெரிகிற அளவுக்கு வரும்போது நிறுத்துங்கள். படம் இருட்டாக இருக்கிறதே என்று தோன்றும். இருக்கட்டும். இருட்டைப் பிறகு ஏற்றலாம். வெளுத்து அழிந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

தொலைநோக்கியின் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) போனை வைத்துப் பிடித்து எடுப்பதென்றால் கை நடுங்கும். பிடிப்பான் ஒன்று வாங்கிவிடுங்கள். மூன்று நொடி டைமர் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில போன்கள் இது நிலா என்று கண்டுகொண்டதும் தாமாகவே கூர்மையாக்கி, லென்ஸ் பார்க்காத விவரத்தையும் சேர்த்துவிடும். உறவினர் ஒருவர் மேக மறைவில் மங்கலாக இருந்த நிலாவை எடுத்துக் காட்டினார், கோபர்னிகஸ் வரை துலக்கமாக இருந்தது. வாசலில் தொலைநோக்கியிலேயே எனக்கு அது அன்று தெரியவில்லை! அந்த வசதியை அணைத்துவிட்டு, எண்களை நாமே வைக்கும் ப்ரோ மோடில் எடுங்கள்.

கேமராவுக்கு என்ன எண்கள் வைப்பது?

பௌர்ணமிக்கு எஃப்11 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் உணர்திறன்), ஷட்டர் 1/100 நொடி. ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. இதிலிருந்து தொடங்கலாம். என் தொலைநோக்கி எஃப்8, அதனால் ஐஎஸ்ஓ 100-க்கு 1/200. அரிஸ்டார்க்கஸ் மட்டுமே குறியென்றால் இன்னும் பாதியாகக் குறைப்பேன். அரைநிலாவுக்கு நாலு மடங்கு கூடுதல் நேரம் கொடுங்கள். மூன்றாம் பிறையின் சாம்பல் ஒளிக்கு எஃப்4, ஐஎஸ்ஓ 1600, ஒரு நொடிக்குள். பிறை வெளுத்துப் போகும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சென்சாரில் நிலா எவ்வளவு பெரிதாக விழும் என்று கேட்பார்கள். லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுங்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 3 மில்லிமீட்டரைக்கூட எட்டாத பொட்டு. 1200-க்கு 11 மில்லிமீட்டர். ட்ரைபாட் கட்டாயம். நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிட 2 நிமிடம்தான் எடுக்கிறது.

நுணுக்கம் வேண்டுமென்றால் ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அதிலிருந்து காற்று அசையாத நொடிகளின் சட்டகங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். பிறகு கூர்மையாக்கலாம். இங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கூர்மையை ஏற்ற ஏற்ற வெள்ளைப் பள்ளங்களைச் சுற்றி கறுப்பு வளையம் வரும், கதிர்களின் மென்மை போய்விடும். கதிர் என்பது தூவிய மாவு, கீறிய கோடல்ல. கை பாதியில் நிற்கப் பழக வேண்டும்.

இன்னொன்று முயன்று பாருங்கள். பௌர்ணமிப் படத்தில் நிறச்செறிவை மெல்ல மெல்ல ஏற்றினால் சாம்பல் நிலா நிறம் காட்டும். அமைதிக் கடல் என்ற கறுப்புச் சமவெளி நீலம் கலந்து வரும், அங்கே டைட்டானியம் அதிகம். பக்கத்துத் தெளிவுக் கடல் பழுப்பு. அரிஸ்டார்க்கஸ் இருக்கும் மேட்டுநிலம் கடுகு நிறத்தில் தனியாகத் தெரியும், பழைய எரிமலைச் சாம்பல் படிந்த இடம். இது பொய் நிறமல்ல, இருக்கிற நிறத்தை மிகைப்படுத்தியது.

வரைபடத்துல டைக்கோ கீழே இருக்கு. எனக்கு வலது பக்கம் தெரியுது?

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. வரைபடங்கள் வடக்கு மேலே என்று வைத்து அச்சடிக்கப்படுகின்றன. நாம் இருப்பது 11 டிகிரி வடக்கில். முழுநிலா கிழக்கே உதிக்கும்போது அதன் வடதுருவம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், டைக்கோ வலப்பக்கம். மேற்கே இறங்கும்போது டைக்கோ இடப்பக்கம் போய்விடும். பிறை இங்கே தோணி மாதிரி படுத்துக்கிடப்பதும் இதனால்தான். தொலைநோக்கி வேறு தன் பங்குக்குப் புரட்டும். டாப்சோனியன் தலைகீழாகக் காட்டும். லென்ஸ் வகையில் கண்ணாடி முழங்கை போட்டிருந்தால் இடம் வலம் மாறும். வரைபடத்தைக் கையில் வைத்துச் சுற்றிக்கொள்வதுதான் வழி.

நீலகிரியில எப்போ, எங்கே நின்னு பார்க்கிறது?

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு, இரண்டு மழையும் நம்மைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. இடையில் மேகம் விலகுகிற இரவுகள் உண்டு, நம்பிக் காத்திருக்க முடியாது.

நிலாவுக்கு இருட்டு தேவையில்லை. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றும் பார்க்கலாம். தேவை அசையாத காற்று. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றில் ஏறக்குறைய கால் பங்கு நமக்குக் கீழே போய்விடுகிறது, அதனால் வானம் சுத்தம். ஆனால் சுத்தமான வானம் வேறு, அசையாத வானம் வேறு. வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்கு மேலே நிலாவைப் பார்த்தால் அடுப்புக்கு மேலே பார்த்த மாதிரி நெளியும். டீ ஃபாக்டரிப் புகைபோக்கித் திசையும் அப்படியே. தார் ரோட்டைவிடப் புல்தரை நல்லது. நம் அட்சரேகையில் நிலா உச்சிக்கு வரும்போது எந்த மாதமும் 50 டிகிரிக்குக் குறையாத உயரத்தில் இருக்கும், ஆகவே அவசரப்படாமல் அது ஏறும்வரை பொறுத்திருங்கள்.

மேட்டில் காற்றடிக்கும், பள்ளத்தில் குளிர் தேங்கும். நான் பள்ளத்தைத் தேர்ந்தெடுப்பவன். கேரட் தோட்டக்காரர்கள் உறைபனிக்குப் பயந்து விடியற்காலை ஸ்பிரிங்க்ளர் போடுகிற இரவுகளில் காற்று சிலை மாதிரி நிற்கும். ஆனால் பேட்டரி பாதி நேரத்தில் தீர்ந்துவிடும், மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். ஐபீஸ் பக்கத்தில் மூச்சு விடாதீர்கள். மஃப்ளரை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

காட்டுக்குள் போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே கரடியும் காட்டுமாடும் நடமாடுகின்றன. ஐபீஸில் கண்ணை வைத்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. வீட்டு வாசல் போதும்.

கண்ணாடியில பனி படிஞ்சா துடைக்கலாமா?

கூடாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். உறைபனி ராத்திரி ஒன்றில் மூன்று மணி வரை பார்த்துவிட்டு, தொலைநோக்கியை அப்படியே அடுப்பு எரிந்த சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். முதன்மைக் கண்ணாடி முழுக்க வியர்த்துவிட்டது. பதறிப்போய் மஃப்ளரால் துடைத்தேன். காலையில் பார்த்தால் அலுமினியப் பூச்சில் அரைவட்டமாகக் கீறல்கள். இப்போதும் அரிஸ்டார்க்கஸைப் பார்க்கும்போது சுற்றிலும் மெல்லிய வெளிச்சப் பரவல் தெரியும், அது என் மஃப்ளரின் கைவேலை. மூடியைப் போட்டு, குளிர்ந்த அறையில் வைத்துவிடுங்கள். படிந்த ஈரம் தானாகக் காயட்டும். பார்க்கப் போவதற்கு முன்னும் அரைமணி வெளியே வைத்து ஆறவிட வேண்டும்.

நிலா வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமா?

கெடுக்காது, கூசும். கூசினால் வராந்தா விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் மூன் ஃபில்டர் கிடைக்கும். சூரியன் பக்கம் மட்டும் எந்தக் கருவியையும் திருப்பாதீர்கள்.

முத்தோரை ரேடியோ தொலைநோக்கி நிலாவைப் படமெடுக்குமா?

எடுக்காது. ஆனால் அது இங்கே வந்ததற்கு நிலாதான் காரணம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிந்த அந்தக் கருவி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தொலைதூரத்து ரேடியோ மூலம் ஒன்றை நிலா மறைக்கும் நொடியைத் துல்லியமாகக் குறித்தால், அந்த மூலம் எங்கே, எவ்வளவு பெரிது என்று கணக்கிடலாம். நிலாவின் விளிம்பை ஒரு கத்தி மாதிரி பயன்படுத்தினார்கள். நிலாவை மணிக்கணக்கில் தொடர, கருவி பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். அட்சரேகைக்குச் சமமாக, 11 டிகிரி வாக்கில் வடக்கு தெற்காகச் சரிந்த மலை முத்தோரையில் கிடைத்தது. அவர்கள் நிலாவின் வெள்ளையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

முதல் படமா எதை எடுக்கலாம்?

எரட்டோஸ்தனிஸும் கோபர்னிகஸும் ஒரே சட்டகத்தில். நவமி அல்லது தசமியில் ஒன்று, பௌர்ணமியில் ஒன்று. இரண்டிலும் தேதி, நேரம், திதி, ஷட்டர் எல்லாம் எழுதி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

எல்லாம் எடுத்து வச்சதும் மஞ்சு மூடிடுச்சு. என்ன பண்றது?

தொலைநோக்கிக்கு மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போய் டீ போடுங்கள். இங்கே சாயங்காலம் ஏறுகிற மஞ்சு பல நாள் பத்து மணிக்கு மேல் பள்ளத்துக்கு இறங்கிவிடும். நாய் குரைத்தால் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.